ஆக்டேவியாவில் பெரிய இண்டர்கூலர்: 41,000 கிலோமீட்டர் ஓட்டிய பிறகு

என்னுடையது 2016 மாடல் ஸ்கோடா ஆக்டேவியா 1.8 டிஎஸ்ஐ, டர்போ பெட்ரோல் கார். பவர் 180 பிஎஸ், டார்க் (இழுவிசை) 250 என்எம். கம்ப்யூட்டரை மாற்றி பவர் ஏற்றும் ட்யூன் செய்யவில்லை, செய்யவும் மாட்டேன். இதில் இருக்கும் ஏழு கியர் டிஎஸ்ஜி (தானாகக் கியர் மாற்றும் பெட்டி), உலர் கிளட்ச் வகை. அது தாங்கும் அளவே 250 என்எம்தான். கம்பெனி இஞ்சினே அந்தக் கோட்டைத் தொட்டுவிடுகிறது. அதனால் வெளியிலிருந்து வாங்கிப் போட்டது ஒரு பெரிய இண்டர்கூலர் மட்டும்; டர்போ அமுக்கி அனுப்பும் காற்றை இஞ்சினுக்குள் போகும் முன் குளிர்விக்கிற பாகம் அது. 71,000 கிலோமீட்டரில் மாட்டினேன், இப்போது 1,12,000.

வீடு கோவையில், வேலை கரூரில். வாரத்துக்கு மூன்று நாள் பல்லடம், காங்கயம், வெள்ளக்கோவில் வழியாகப் போய்வருவேன். பழைய இண்டர்கூலர் இருந்தவரை, காலை 6 மணிக்குக் கிளம்பும்போது வண்டி பிய்த்துக்கொண்டு போகும். அதே வண்டி மதியம் 2 மணிக்குத் திரும்பும்போது வேறு வண்டி மாதிரி இருக்கும். சித்திரை வெயிலில் ஒரு லாரியைத் தாண்ட மிதித்தால் வரும். அடுத்தடுத்து மூன்றாவது லாரிக்கு மிதிக்கும்போது ஒரு மந்தம் தட்டும். எதிரே பஸ் வருகிற ரோட்டில் அந்த மந்தம் சாதாரண விஷயம் இல்லை.

காரணம் எளிது. டர்போ காற்றை அமுக்கும்போது காற்று சூடாகிறது. சூடான காற்றில் அடர்த்தி குறைவு, நாக்கிங் (பெட்ரோல் கட்டுப்பாடில்லாமல் தானாக வெடிப்பது) வரும் வாய்ப்பும் அதிகம். அப்போது நான் போட்ட சாதா பெட்ரோலின் ஆக்டேன், அதாவது நாக்கிங்கைத் தாங்கும் திறன், 91தான். நாக்கிங் வரக்கூடாதென்று கம்ப்யூட்டர் தீப்பொறி நேரத்தைப் பின்னுக்குத் தள்ளுகிறது, இழுவை போய்விடுகிறது. மெக்கானிக்கிடம் எவ்வளவு பவர் கூடும் என்று கேட்டபோது அவர் சுற்றி வளைக்கவில்லை: "பவர் ஏறாதுங்ணா. இருக்கற பவர் எறங்காம நிக்கும், அவ்வளவுதானுங்." பொருளும் கூலியும் சேர்த்து 80,000 ரூபாய்க்குப் பக்கத்தில் ஆனது. அந்த ஒரு வாக்கியத்தை நம்பித்தான் கொடுத்தேன்.

மாட்ட ஒரு முழு நாள் பிடித்தது. இந்த வண்டியில் ஏசி கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் இண்டர்கூலர் உட்கார்ந்திருக்கிறது. பம்பரைக் கழற்றி, முன்சட்டத்தையே முன்னால் இழுத்தால்தான் கை போகும். பழையதை வெளியே எடுத்துச் சாய்த்தபோது ஒரு கரண்டி அளவு கறுத்த ஆயில் ஒழுகியது. பயந்துவிட்டேன். கிராங்க்கேஸ் (இஞ்சினின் அடிப்பகுதி) ஆவியோடு வருகிற ஆயில், டர்போ வண்டியில் கொஞ்சம் சேரத்தான் செய்யும் என்றார் மெக்கானிக். பழையதற்கு இரண்டு பக்கமும் பிளாஸ்டிக் தொட்டி, மெல்லிய கோர் (காற்று குளிரும் நடுப்பகுதி). புதியது முழுக்க அலுமினியம், வெல்டிங் செய்த தொட்டிகள், கோர் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு தடிமன். கையில் தூக்கினாலே கனம் தெரியும்.

மாட்டுவதற்கு முன்பே ஒரு மாதம் ஸ்கேனர் வைத்து, இஞ்சினுக்குள் போகும் காற்றின் சூட்டைக் குறித்துவைத்திருந்தேன். வெளியே 39 டிகிரி இருக்கும் மதியம், அடுத்தடுத்து மூன்று ஓவர்டேக் முடிந்ததும் பழையதில் 75 வரை போனது. இறங்குவதற்குள் அடுத்த லாரி வந்துவிடும். புதியதில் அதே ரோடு, அதே வெயில்: 53, 54. அதைத் தாண்டி நான் பார்த்ததில்லை. இந்த 20 டிகிரி வித்தியாசத்துக்கு, காற்றின் அடர்த்தியில் மட்டும் ஏறக்குறைய 6 சதவீதம் லாபம். காலை 6 மணி வண்டி மதியம் 2 மணிக்கும் கிடைக்கிறது.

இதை நன்றாக உணர்ந்தது வால்பாறை ஏறும்போது. ஆழியாறிலிருந்து 40 கொண்டை ஊசி வளைவுகள். வேகம் குறைவு, காற்று குறைவாகத்தான் உள்ளே வரும், ஆனால் ஒவ்வொரு வளைவிலிருந்தும் மிதித்து ஏற வேண்டும். முன்பெல்லாம் அட்டகட்டி வருவதற்குள் வண்டி சோர்ந்துபோகும், ஏசியை அணைத்துவிடலாமா என்று தோன்றும். இப்போது வீட்டார் நான்கு பேர், சாமான் எல்லாம் ஏற்றிக்கொண்டு, ஏசி ஓட, கடைசி வளைவு வரை ஒரே மாதிரி இழுக்கிறது.

சரி, குறைகளும் உண்டு. காந்திபுரம் சிக்னலில் பத்து நிமிடம் நின்றால் இதுவும் சூடாகும். பெரிய கோர் என்பதால் சூடேற நேரம் எடுக்கிறது, ஏறிய சூடு இறங்கவும் நேரம் எடுக்கிறது. டவுனுக்குள் மட்டும் ஓட்டுபவர்கள் இந்தப் பணத்தை நல்ல டயரில் போடலாம். மைலேஜில் ஒரு மாற்றமும் இல்லை. ரேடியேட்டருக்குக் காற்று குறையுமோ என்ற கவலையில் கூலண்ட் சூட்டையும் கவனித்துவருகிறேன், இதுவரை ஏறவில்லை.

மாட்டிய ஆறாவது வாரம் ஒரு சிக்கல் வந்தது. மிதித்தால் 'உஸ்' என்ற சத்தம், இழுவை பாதி. ஹோஸ் சேரும் இடத்தில் காற்று கசியாமல் அடைக்கிற ஓ ரிங் என்ற ரப்பர் வளையம், மாட்டும்போதே மடிந்து நசுங்கியிருக்கிறது. குழாய்க்குள் புகை விட்டு எங்கே கசிகிறது என்று பார்த்ததில் பளிச்சென்று தெரிந்தது. ரிங்கின் விலை சொற்பம்தான், ஆனால் அதற்காக மறுபடியும் பம்பர் கழன்றது. நீங்கள் போடுவதாக இருந்தால் எல்லா ரிங்குகளையும் புதிதாக வாங்குங்கள், மாட்டிய அன்றே புகை டெஸ்ட் கேளுங்கள்.

அப்புறம் சுத்தம். பல்லடம் தறிப் பஞ்சும் காங்கயத்துத் தேங்காய் நாரும் கண்டென்சர் வழியாகப் புகுந்து அதற்கும் இண்டர்கூலருக்கும் நடுவில் தங்குகின்றன. 25,000 கிலோமீட்டர் ஓடிய பிறகு திறந்தபோது, கீழ் ஓரத்தில் சாம்பல் நிறத்தில் ஜமுக்காளம் விரித்ததுபோல் ஒரு அடுக்கு படிந்திருந்தது. பிரஷர் வாஷ் அடித்தால் தகடுகள் மடங்கிவிடும். குழாய்த் தண்ணீரைப் பின்பக்கமிருந்து மெதுவாக விட்டு, மீதியைப் பெயிண்ட் பிரஷ்ஷால் தட்டி எடுத்தோம். அதன்பின் மதியச் சூடு 4 டிகிரி குறைந்தது. அடுத்த முறை ஆடிக் காற்று ஓய்ந்ததும் திறக்கச் சொல்லியிருக்கிறேன். பஞ்சு அதிகம் பறப்பது அந்த ஆடிக் காற்றில்தான்.