குரோம்பேட்டைத் தரகு அலுவலகமும் என் 50,000 ரூபாயும்

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். அந்த அலுவலகத்தில் காப்பி நன்றாக இருந்தது. வீடு காட்ட வந்த தம்பிக்கு இருபத்தைந்து வயதுகூட இருக்காது. ஒரே ஞாயிற்றுக்கிழமையில் நான்கு வீடுகளை முகம் சுளிக்காமல் காட்டினார். நான் முழங்காலைப் பிடித்துக்கொண்டு படியேறியதைப் பார்த்துவிட்டு, லிஃப்ட் இல்லாத இரண்டு வீடுகளைத் தாமாகவே பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார். ஐந்தில் ஒரு நட்சத்திரம் கொடுத்திருக்கிறேன். அது அந்தத் தம்பிக்கு மட்டும்.

அஞ்சல் துறையில் 31 ஆண்டுகள் வேலை பார்த்தவள் நான். அதில் பாதிக்கு மேல் சேமிப்பு வங்கிக் கவுண்டரில். கையெழுத்தில் ஒரு சுழி மாறியிருந்தாலும் படிவத்தைத் திருப்பிக் கொடுப்பேன். "உன்னையே ஏமாற்றிவிட்டார்களா?" என்று என் கணவர் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார். கேட்பதில் அவருக்கு ஒரு மகிழ்ச்சியும் இருக்கிறது.

காரணம் அடுக்களை ஜன்னல்தான். ஜி.எஸ்.டி. சாலையிலிருந்து உள்ளே மூன்றாவது தெரு, 1998இல் கட்டிய குடியிருப்பு, இரண்டாவது மாடி, 880 சதுர அடி, 62 லட்சம். ஜன்னலைத் திறந்தால் கைக்கெட்டும் தூரத்தில் வேப்பங்கிளை, அதில் பூ. ரசத்துக்குப் பூப் பறிக்கக் கீழே இறங்க வேண்டியதில்லை என்று நினைத்தேன். அந்த நிமிடத்தில் 31 ஆண்டு அனுபவம் எங்கோ போய்விட்டது.

அலுவலகத்துக்குத் திரும்பியதும் மேலாளர் நாற்காலியை என் பக்கம் நகர்த்திப் போட்டுக்கொண்டார். "அம்மா, காலையில் ஒருவர் பார்த்துவிட்டுப் போனார். மதியம் இன்னொருவர் வருகிறார். இன்று மாலைக்குள் 50,000 டோக்கன் போட்டுவிட்டால் வீட்டை உங்களுக்காக நிறுத்தி வைத்துவிடுவோம்." ரொக்கமாகக் கேட்டார். வீடு, மனைக்கான முன்பணத்தை 20,000 ரூபாயும் அதற்கு மேலும் ரொக்கமாக வாங்கக் கூடாது என்று 2015 முதல் வருமான வரிச் சட்டத்தில் இருக்கிறது. மீறினால் வாங்கியவருக்கு அதே அளவு அபராதம். இதை நான் எடுத்துச் சொன்னபோது மேலாளர் கொஞ்சம் மிரண்டுதான் போனார். எனக்குப் பெருமையாக இருந்தது. அந்தப் பெருமையோடு கைபேசியை எடுத்துப் பணத்தை அனுப்பிவிட்டேன். ரொக்கமா, வங்கி வழியா என்று பார்த்தவள், யாருடைய கணக்குக்குப் போகிறது என்று பார்க்கவில்லை. வீட்டுக்காரர் கணக்குக்குப் போகவில்லை. அலுவலகத்தின் கணக்குக்குப் போனது.

மறுநாள் ரசீது வந்தது. வாயால் கேட்டது டோக்கன். ரசீதில் எழுதியிருந்தது சேவைக் கட்டணம். கடைசி வரியில், மற்ற வரிகளைவிடச் சிறிய எழுத்தில், எக்காரணம் கொண்டும் திருப்பித் தரப்பட மாட்டாது என்று இருந்தது. வீட்டுக்காரரின் பெயரும் இல்லை, எத்தனை நாளுக்கு நிறுத்தி வைக்கிறார்கள் என்பதும் இல்லை. சேவைக் கட்டணம் என்றால் வரி எண் இருக்குமே என்று தேடினேன். ஜி.எஸ்.டி. சாலையில் அலுவலகம் வைத்திருப்பவர்களின் ரசீதில் ஜி.எஸ்.டி. எண் மட்டும் இல்லை.

அதற்குப் பிறகு செய்ததை முன்பே செய்திருக்க வேண்டும். பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்கச் சான்றிதழைப் பார்க்கக் காசு கொடுக்க வேண்டியதில்லை. சர்வே எண்ணும் சார்பதிவாளர் அலுவலகத்தின் பெயரும் தெரிந்தால் போதும். அன்று இரவே பார்த்தேன். 2014இல் வீட்டுப் பத்திரத்தை ஒரு வங்கியில் ஒப்படைத்துக் கடன் வாங்கிய பதிவு இருந்தது. கடன் தீர்ந்ததற்கான ரசீது ஆவணம் எதுவும் அதன் பிறகு பதிவாகவில்லை. "வில்லங்கமே இல்லாத வீடு அம்மா" என்று மேலாளர் சொன்னது நினைவுக்கு வந்தது. பத்திர நகல் கைக்கு வந்தபோது இன்னொன்றும் தெரிந்தது. விளம்பரத்தில் யு.டி.எஸ்., அதாவது நிலத்தில் நம் பங்கு, 450 சதுர அடி, பத்திரத்தில் 312. பழைய கட்டடத்தை வாங்குகிறவர்கள் முக்கியமாகப் பார்ப்பது இந்த எண்ணைத்தான். நாளைக்குக் கட்டடத்தை இடித்துக் கட்டினால் நம் கணக்கில் நிற்பது நிலம்தான்.

காவலாளியிடம் கேட்டு வீட்டுக்காரரின் எண்ணை வாங்கினேன். மடிப்பாக்கத்தில் இருக்கிறார். ஓய்வு பெற்றவர், சாதுவான மனிதர். பதினொரு லட்சம் கடன் பாக்கி இருப்பதை முதல் நாளே தரகரிடம் சொல்லிவிட்டதாகச் சொன்னார். டோக்கனைப் பற்றிக் கேட்டேன். "டோக்கனா? எனக்கு யாரும் சொல்லவில்லையே அம்மா. நேற்றுகூட வேறொரு குடும்பம் வந்து வீட்டைப் பார்த்துவிட்டுப் போனார்கள்" என்றார். என் பணத்துக்கு நிறுத்தி வைத்த வீடு இந்த லட்சணத்தில் நின்றுகொண்டிருந்தது.

வழக்கறிஞராக இருக்கும் என் அக்கா மகனிடம் ரசீதைக் காட்டினேன். "சித்தி, இது அச்சாரமும் இல்லை, முன்பணமும் இல்லை" என்றான். அச்சாரம் என்பது விற்பவரும் வாங்குபவரும் பேசி முடித்ததற்கு அடையாளம். வாங்குபவர் பின்வாங்கினால் விற்பவர் அதை வைத்துக்கொள்ளலாம், ஒப்பந்தத்தில் அப்படி எழுதியிருந்தால். வெறும் முன்பணம் விலையில் ஒரு பகுதி; பேரம் முறிந்தால் திரும்ப வர வேண்டும். உச்ச நீதிமன்றம் 2012இல் ஒரு வழக்கில் இந்த வேறுபாட்டைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறதாம். இங்கே ஒப்பந்தமே இல்லை. விற்பவருக்கு விஷயமே தெரியாது. பிறகு எதை மீறியதற்காகப் பணத்தைப் பிடித்துக்கொள்வது? வீடு கைமாறினாலும் மாறாவிட்டாலும் தரகில் ஒரு பகுதியை முதல் நாளே வசூலித்துக்கொள்ளும் ஏற்பாடு இது. டோக்கன் என்ற பழகிய பெயரைச் சொன்னதால் நான் பர்ஸைத் திறந்தேன்.

அந்த அலுவலகத்தின் பலகையில் ரெரா, அதாவது வீடு, மனை விற்பனையை ஒழுங்குபடுத்தும் சட்டத்தின் கீழ் வாங்கிய பதிவு எண் பெரிதாக இருக்கும். அதைப் பார்த்து நிம்மதியாகிவிடாதீர்கள். புதிதாகக் கட்டி விற்கும் திட்டங்களுக்கான பதிவு அது. பதிவு செய்த ஒப்பந்தம் இல்லாமல் விலையில் 10 விழுக்காட்டுக்கு மேல் வாங்கக் கூடாது என்று அந்தச் சட்டம் கட்டுநரைத்தான் கட்டுப்படுத்துகிறது. ஒருவர் குடியிருந்த வீட்டை இன்னொருவருக்கு விற்கும்போது நடுவில் நிற்பவர் எவ்வளவு டோக்கன் வாங்கலாம் என்பதற்கு அதில் எந்த வரம்பும் இல்லை.

பணத்தைக் கேட்டுப் போனபோது காப்பி வரவில்லை. "வேறு வீட்டுக்குச் சரிசெய்துகொள்ளலாம் அம்மா" என்றார் மேலாளர். பல்லாவரத்தில் ஒன்று, பம்மலில் ஒன்று என்று படங்களைக் காட்டினார். மூன்றாவது முறை போனபோது அவர் வெளியூரில் இருந்தார். கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் அவருடைய சட்டை தெரிந்தது. அந்தத் தம்பி என்னை வாசல்வரை கொண்டுவந்து விட்டு, "எழுத்தில் கேளுங்கள் அம்மா" என்று மெதுவாகச் சொன்னார். எழுதுவது எனக்குத் தெரிந்த வேலை. விளம்பரத்தின் படம், வில்லங்கச் சான்றிதழ், ரசீது, பணம் அனுப்பிய விவரம் எல்லாவற்றையும் இணைத்து, 15 நாள் கெடு வைத்து, ஒப்புகை அட்டையோடு தபாலில் அனுப்பினேன். பன்னிரண்டாம் நாள் 35,000 ரூபாய் கணக்கில் வந்து விழுந்தது. மீதி, "வீடு காட்டிய செலவு" என்று ஒரு குறுஞ்செய்தி.

நான்கு வீடு காட்ட 15,000. வீட்டுக்கு 3,750. திருப்பதியில்கூட இவ்வளவு விலைக்கு யாரும் தரிசனம் பார்த்ததாக எங்கள் தெருவில் சொல்லவில்லை.

இப்போது வேறொரு வீடு பேசியிருக்கிறோம், அஸ்தினாபுரத்தில். வில்லங்கம் பார்த்து, மூலப் பத்திரத்தைக் கண்ணால் கண்ட பிறகு 25,000க்கு வீட்டுக்கார அம்மாள் பெயரிலேயே காசோலை எழுதினேன். எத்தனை நாள், எந்தக் காரணத்துக்குத் திரும்ப வரும் என்று நான்கு வரி எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டோம். அங்கேயும் ஒரு தரகர் இருக்கிறார். பத்திரப் பதிவு அன்றைக்குத்தான் தரகு என்று அவரே சொல்லிவிட்டார். வேப்பமரம் இல்லை. முருங்கை இருக்கிறது.

பாக்கி 15,000க்குச் செங்கல்பட்டு நுகர்வோர் ஆணையத்துக்கு மனு தயாராக இருக்கிறது. பொருளுக்கோ சேவைக்கோ நாம் கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் மனுவுக்குக் கட்டணம் இல்லை. பஸ் செலவு மட்டும்தான். நான் ஓய்வு பெற்றவள், நேரத்துக்குக் குறைவில்லை.