டாஹோவா, மூடி போட்ட எஃப்-150ஆ?

அமெரிக்காவில் குடும்பத்துக்குப் பெரிய வண்டி தேடுகிறவர்கள் "எஸ்யூவி வாங்கலாமா, பிக்கப் வாங்கலாமா?" என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். அந்தக் கேள்வியே பாதிதான். எஸ்யூவிக்குக் கூரை உண்டு. பிக்கப்பின் பின்தொட்டிக்கு வெயில், மழை, திருடன் மூன்றுமே நேரடி விருந்தாளிகள். திறந்த தொட்டியோடு ஒப்பிட்டால் எஸ்யூவி சிரமமே இல்லாமல் ஜெயித்துவிடும். அதனால் போட்டியை எஸ்யூவிக்கும் மூடி போட்ட பிக்கப்புக்கும் இடையே வைப்பதுதான் நியாயம். டானோ கவர் என்று விற்கப்படும் அந்த மூடியில் நான்கைந்து வகை இருக்கிறது. எந்த வகை போடுகிறீர்கள் என்பதைப் பொறுத்து ஜெயிக்கிற வண்டியே மாறும்.

தெளிவுக்காக இரண்டு வண்டிகளை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். ஒன்று செவர்லே டாஹோ, 2021 மாடலில் வந்த தலைமுறை. இன்னொன்று ஃபோர்டு எஃப்-150, நான்கு கதவு, ஐந்தரை அடித் தொட்டி. டாஹோவின் உடன்பிறப்பு செவர்லேயின் பிக்கப்பான சில்வராடோதான் என்றாலும் சாலையில் அதிகம் கண்ணில் படுவது எஃப்-150. அந்த எஃப் வரிசை 1977இலிருந்து அமெரிக்காவில் அதிகம் விற்கும் பிக்கப்பாக இருந்து வருகிறது.

முதலில் ஆள் கணக்கு. டாஹோவில் ஏழு எட்டுப் பேர் உட்காரலாம். எஃப்-150இல் ஐந்து, முன்னால் பெஞ்ச் இருக்கை எடுத்தால் ஆறு. ஊரிலிருந்து அப்பா அம்மா வந்து ஆறு மாதம் தங்குகிற வீடாக இருந்தால் இதற்கு மேல் யோசிக்கவே வேண்டாம். நீங்கள் இருவர், பிள்ளைகள் இருவர், பெரியவர்கள் இருவர், அதில் ஒரு குழந்தைக்குத் தனி சீட்டு வேறு. ஆறாவது ஆளை பெஞ்சின் நடுவில் உட்காரவைத்து நீண்ட தூரம் கூட்டிப்போவது அவருக்குச் செய்யும் மரியாதையாக இருக்காது. இந்த ஒரு காரணத்துக்காகவே பலருக்கு விடை டாஹோதான்.

சவாரியிலும் டாஹோவே முந்துகிறது. 2021இல் அதன் பின்சக்கரங்களுக்குத் தனித்தனி சஸ்பென்ஷன் வந்தது; சுருள் ஸ்பிரிங் அதற்கு முன்பிருந்தே உண்டு. வழக்கமான எஃப்-150இன் பின்பக்கம் இன்னமும் பட்டை ஸ்பிரிங்தான். பாரம் ஏற்றினால் அது அடங்கி ஓடும், காலியாகப் போகும்போது வேகத்தடையில் பின்னால் இருப்பவர்கள் குதிப்பார்கள். அப்புறம் நீளம். டாஹோ சுமார் 211 அங்குலம், எஃப்-150 சுமார் 232. பல வீடுகளின் கராஜ் 20 அடி ஆழம், அதாவது 240 அங்குலம். எஃப்-150 உள்ளே போகும், ஆனால் சுவரோரம் வைத்த அலமாரியும் சைக்கிளும் வெளியே வந்தாக வேண்டும்.

இதுவரை எல்லாம் எஸ்யூவி பக்கம். இனி சாமான் ஏற்றிப் பார்ப்போம்.

டாஹோவில் மூன்றாவது வரிசையில் ஆள் இருந்தால் பின்னால் மிஞ்சுவது 25.5 கன அடி. அந்த வரிசையை மடக்கினால் 72.6. எஃப்-150இன் ஐந்தரை அடித் தொட்டி 52.8 கன அடி, ஐந்து பேரும் உட்கார்ந்திருக்கும்போதே. சென்னைப் பயணத்தை வைத்து இதை அளந்து பார்க்கலாம். நான்கு பேர், ஆளுக்கு இரண்டு பெட்டி என்றால் எட்டுப் பெட்டி. விமான நிறுவனங்கள் அனுமதிக்கும் பெரிய பெட்டி நீளம், அகலம், உயரம் மூன்றும் கூட்டி 62 அங்குலம். அதாவது 30, 20, 12 என்ற மாதிரி. எட்டும் சேர்ந்து 33 கன அடிக்குக் கொஞ்சம் மேல். மூன்றாவது வரிசையை மடக்கிய டாஹோவில் தாராளமாகப் போகும். வழியனுப்பத் தாத்தா பாட்டியும் வருகிறார்கள் என்றால் மடக்க முடியாது, 25.5இல் எட்டுப் பெட்டி அடங்காது.

எஃப்-150 தொட்டியின் தரை நீளம் சுமார் 67 அங்குலம், சக்கர வளைவுகளுக்கு இடையே அகலம் 50.6, ஆழம் 21.4. பெட்டிகளைப் படுக்கவைத்து இரண்டு அடுக்காக வைத்தால் 24 அங்குலம் வந்துவிடும், மூடி மூடாது. நீளப் பக்கம் கீழே இருக்கும்படி ஒருக்களித்து வைத்தால் உயரம் 20தான். குறுக்கே நான்கு, பின்னால் இன்னொரு நான்கு, சரியாக எட்டு. உயரத்தில் ஒன்றரை அங்குலத்துக்கும் குறைவாகத்தான் மிச்சம். மூடியின் வகை இங்கேதான் விளையாட ஆரம்பிக்கிறது.

மலிவானது துணிபோன்ற வினைல் மூடி. ஆள் உட்காரும் கேபின் பக்கம் சுருட்டுவது ஒரு வகை, மூன்றாக மடக்குவது இன்னொன்று. சுமார் 200 டாலரிலிருந்து 500 வரை. எடை குறைவு, ஒருவரே அரை மணியில் மாட்டிவிடலாம், சுருட்டிக் கட்டிவிட்டால் முழுத் தொட்டியும் திறந்துவிடும். மழையும் தூசியும் பெருமளவு தடுக்கப்படும், உள்ளே என்ன இருக்கிறது என்று வெளியே தெரியாது. ஆனால் ஒரு பேனாக்கத்தி போதும், கிழித்துவிடலாம். மிச்சிகன், மினசோட்டா குளிரில் வினைல் சுருங்கி விறைத்துக்கொள்ளும்; விளிம்பை இழுத்து ஒட்டுவதற்குள் விரல் மரத்துவிடும். அரிசோனா, டெக்சஸ் வெயிலில் சில வருடங்களில் வெளுத்துத் தொய்யும். விலைக்கு இது மோசமில்லை. தொட்டியில் மதிப்புள்ள எதையும் இரவில் விட்டு வைக்காதவருக்கு நான் இதையே சொல்வேன்.

அடுத்தது கெட்டியான மடக்கு மூடி. அலுமினியப் பலகைகளைக் கீல் வைத்து இணைத்தது, சுமார் 700 முதல் 1,300 டாலர். இதில் மூன்று பலகை, நான்கு பலகை என்று ஒரு பிரிவு உண்டு. அதைப் பலர் கவனிக்காமல் வாங்கிவிடுகிறார்கள். மூன்று பலகையை மடக்கினாலும் கேபினை ஒட்டிய பகுதி மூடியேதான் இருக்கும்; ஃப்ரிட்ஜை நிற்கவைத்துக் கொண்டுவர வேண்டுமென்றால் மொத்த மூடியையும் கழற்ற வேண்டியதுதான். பேக்ஃபிளிப் எம்எக்ஸ்4 போன்ற நான்கு பலகை மூடிகளை மடக்கிக் கேபினின் பின்கண்ணாடியோடு செங்குத்தாக நிறுத்திவிடலாம், முழுத் தொட்டியும் கிடைக்கும். அதற்கு விலையாகப் பின்கண்ணாடி மறையும், கண்ணாடிக்கு மேலே உள்ள மூன்றாவது பிரேக் விளக்கும் மறையலாம். மூடிய நிலையில் எம்எக்ஸ்4 பரவலாக 400 பவுண்டு தாங்கும் என்று அதன் தயாரிப்பாளர் சொல்கிறார். வடக்கே பனி விழும் ஊர்க்காரர்களுக்கு அது வெறும் விளம்பர எண் அல்ல.

மூன்றாவது, கடை ஷட்டர் மாதிரி கேபின் பக்கமுள்ள ஒரு பெட்டிக்குள் இழுபடும் ஷட்டர் மூடி. பார்க்க அழகு, ஒரு கையால் திறக்கலாம், எந்த இடத்தில் வேண்டுமானாலும் நிறுத்திப் பூட்டலாம். 1,500 டாலரில் தொடங்கி 2,500ஐயும் தாண்டும். இதன் குறை அந்தப் பெட்டியேதான். தொட்டியின் முன்பக்கத்தில் பத்துப் பன்னிரண்டு அங்குலத்தை அது பிடித்துக்கொள்ளும். 67இல் 12 போனால் 55. நம் பெட்டிகள் இரண்டு வரிசைக்கு 60 வேண்டும். எட்டுப் பெட்டி கணக்கு அங்கேயே உடைந்துவிட்டது. போதாததற்கு, அந்தப் பெட்டிக்குள் இறங்கும் மழைநீரை வெளியேற்றச் சிறு குழாய்கள் வைத்திருப்பார்கள். ஓக் மரத்தடியில் நிறுத்தும் வண்டியில் இலைத்தூளும் மகரந்தமும் அவற்றை அடைத்துக்கொள்ளும், தண்ணீர் தொட்டிக்குள் திரும்பும். ஒரு நாளில் பலமுறை தொட்டியைத் திறந்து மூடும் வேலைக்காரருக்கு இது சரி. வாரம் ஒருமுறை திறப்பவருக்கு வீண் செலவு என்பதே என் எண்ணம்.

ஒரே பலகையாக, வண்டியின் நிறத்திலேயே வரும் ஃபைபர் மூடியைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பானெட் போலத் தூக்கித் திறக்கலாம், நன்றாகப் பூட்டும், பார்க்கவும் லட்சணம். உயரமான பொருள் ஏற்ற வேண்டிய அன்று இரண்டு பேர் சேர்ந்து கழற்றி அதை வைக்க இடம் தேட வேண்டும்.

கடைசியாக டாப்பர். லீர், ஏ.ஆர்.இ. போன்றவர்கள் செய்யும், கேபின் உயரத்துக்கு வரும் ஃபைபர் கூண்டு. 2,500 டாலருக்கு மேல்தான், பலவற்றில் நான்காயிரத்தையும் தொடும். ஜன்னல், உள்விளக்கு எல்லாம் உண்டு. இதைப் போட்டதும் பிக்கப் கிட்டத்தட்ட எஸ்யூவி ஆகிவிடுகிறது, குளிர்சாதனமும் மூன்றாவது வரிசையும் மட்டும் இல்லை. அப்படியானால் நேராக எஸ்யூவியே வாங்கலாமே என்று தோன்றும். ஒரே ஒரு வித்தியாசம் இருக்கிறது, அது பெரிய வித்தியாசம்: சாமான் இருக்கும் காற்றை நீங்கள் சுவாசிக்க வேண்டியதில்லை. பெட்ரோல் கேன், புல்வெட்டி, தோட்டத்து உரம், மீன்பிடிக்கிற சாமான், இவை எதையும் டாஹோவின் கம்பளத்தில் வைத்துவிட்டு நிம்மதியாக ஓட்ட முடியாது. கருவாடு வாங்கி வரும் நாளில் இந்த வசதியின் அருமை தெரியும்.

குளிர்சாதனம் என்றேனே, அதை லேசாக எடுத்துக்கொள்ள வேண்டாம். கறுப்பு மூடிக்குக் கீழே ஹூஸ்டனின் ஆகஸ்ட் மாதத்தில் கொத்தமல்லிக் கட்டும் உறைந்த பரோட்டாவும் வீடு வந்து சேரும் நிலை பரிதாபமானது. பிக்கப் வைத்திருப்பவர்கள் மளிகைப் பைகளைப் பின்சீட்டுக்குக் கீழே அடுக்குவதற்கு அதுதான் காரணம். இன்னொன்று, இந்த மூடிகள் எதையும் முழு நீர்ப்புகா மூடி என்று நம்பக் கூடாது. தயாரிப்பாளர்களே பெரும்பாலும் 'நீர் எதிர்ப்பு' என்ற அளவில்தான் நிறுத்திக்கொள்கிறார்கள். கேபின் பக்கத்து இரண்டு மூலைகள்தான் வழக்கமாக ஒழுகும் இடம், தொட்டியின் பின்கதவான டெயில்கேட்டின் இடுக்கு அடுத்தது. அரிசி மூட்டையை மழையில் அங்கே வைக்க வேண்டியிருந்தால் பிளாஸ்டிக் பெட்டிக்குள் வைத்துவிடுங்கள்.

திருட்டு விஷயத்தில் எல்லாரும் எஸ்யூவிதான் பாதுகாப்பு என்று நினைக்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. சான்ஃபிரான்சிஸ்கோ பக்கம் கண்ணாடியை உடைத்துப் பையை எடுத்துக்கொண்டு ஓடுவது சில விநாடி வேலை, எஸ்யூவியைச் சுற்றிக் கண்ணாடிதான். கெட்டி மூடி போட்ட தொட்டியில் உடைக்கக் கண்ணாடியும் கிடையாது, எட்டிப் பார்க்கவும் வழியில்லை. ஒரு நிபந்தனை: டெயில்கேட் பூட்டியிருக்க வேண்டும். பெரும்பாலான மூடிகளின் தாழ்ப்பாள் உள்பக்கம்தான் இருக்கும், டெயில்கேட்டைத் திறந்தால் மூடியும் திறந்த மாதிரிதான். பழைய வண்டிகளில் டெயில்கேட் பூட்டு சாவியோடு தனியாக இருக்கும், ரிமோட்டுக்குக் கட்டுப்படாது. அந்த மாதிரி வண்டிக்கு ஆயிரம் டாலர் மூடி போட்டும் பயன் பாதிதான்.

மூடி போட்டால் பெட்ரோல் மிச்சம் என்று கடைக்காரர் சொல்வார். மூடியில்லாத வண்டியில், மூடிய டெயில்கேட்டுக்கு முன்னால் காற்று ஒரு சுழலாகத் தங்கிவிடுகிறது, மேலே வரும் காற்று அதன் மீது வழுக்கிப் போகிறது. அதனால் டெயில்கேட்டைத் திறந்துபோட்டு ஓட்டினால் மைலேஜ் கூடும் என்பது வெறும் நம்பிக்கை. மூடி அந்த ஓட்டத்தைக் கொஞ்சம் சீராக்கும், அவ்வளவுதான். அதை நம்பி மூடிக்குப் போட்ட காசைத் திரும்ப எடுக்கக் கணக்குப் போட வேண்டாம்.

இரண்டும் வேண்டும் என்பவர்களுக்கு நடுவழி வண்டிகளும் வந்திருக்கின்றன. 2002 மாடலில் வந்து 2013 வரை விற்ற செவர்லே அவலாஞ்சில் கேபினுக்கும் தொட்டிக்கும் நடுவே உள்ள சுவரையே மடக்கலாம், கெட்டி மூடியும் கூடவே வரும். பழைய வண்டிச் சந்தையில் நல்லதாகக் கிடைத்தால் இன்றும் பார்க்கத்தக்கது. ஹோண்டா ரிட்ஜ்லைனில் தொட்டியின் தரைக்கு அடியில் பூட்டக்கூடிய 7.3 கன அடி டிக்கி இருக்கிறது. டெஸ்லா சைபர்டிரக்கோ மின்சார ஷட்டரோடே வருகிறது. மூடினால் பின்கண்ணாடி வழியே எதுவும் தெரியாது, கேமராதான் கதி.

சொந்தத் தொழில் செய்பவருக்கு இன்னொரு கணக்கும் உண்டு. தொழிலுக்கு வாங்கும் வண்டியின் விலையை வருமானத்திலிருந்து கழிக்க விடும் அமெரிக்க வரிச் சட்டத்தின் 179ஆம் பிரிவில், மொத்த எடைத் தகுதி (வண்டியும் சுமையும் சேர்ந்த உச்ச எடை) 6,000 பவுண்டுக்கு மேற்பட்ட எஸ்யூவிக்கு அந்தக் கழிவுக்கு உச்சவரம்பு வைத்திருக்கிறார்கள். 2024க்கு அது 30,500 டாலர். உள்நீளம் ஆறு அடிக்குக் குறையாத தொட்டியுள்ள பிக்கப்புக்கு அந்த உச்சவரம்பு கிடையாது, டாப்பர் போட்டிருந்தாலும் சரி. நம் ஐந்தரை அடித் தொட்டி இங்கே தோற்றுவிடும், ஆறரை அடி ஜெயிக்கும். மற்றத் தேய்மானக் கழிவுகள் தனிக் கணக்கு, அதற்குக் கணக்காளரைப் பாருங்கள்.

என் தீர்ப்பு இதுதான். வீட்டில் ஆறு பேர் என்றாலோ, சனிக்கிழமை மளிகையும் பிள்ளைகளின் வகுப்புகளும்தான் உங்கள் ஓட்டம் என்றாலோ டாஹோ. நான்கு பேர்தான், தோட்டம், மரவேலை, வீட்டுப் பழுது என்று கை அழுக்காகிறவர் என்றால் எஃப்-150, அதில் நான்கு பலகை கெட்டி மூடி. நான்கு அடிக்கு எட்டு அடி பிளைவுட் பலகையைச் சக்கர வளைவுகளுக்கு நடுவே தட்டையாகப் படுக்கவைக்கலாம், கொஞ்சம் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்.

மூடி ஆர்டர் செய்யும்போது வண்டியின் வருடத்தையும் தொட்டியின் நீளத்தையும் சரிபார்த்துவிடுங்கள். எஃப்-150இல் ஐந்தரை, ஆறரை, எட்டு அடி என்று மூன்று தொட்டி; சில்வராடோவின் குட்டைத் தொட்டி ஃபோர்டினுடையதைவிட இரண்டு மூன்று அங்குலம் நீளம். ஒன்றின் மூடி இன்னொன்றில் உட்காராது. ராம் என்ற பிராண்டின் பிக்கப்பில் பக்கச் சுவருக்குள் ராம்பாக்ஸ் பெட்டிகள் இருந்தால் அதற்கென்று தனி மூடி கேட்க வேண்டும். தொட்டிக்குள் பிளாஸ்டிக் லைனர், அதாவது உள்ளுறை, போட்டிருந்தால் அது விளிம்பின் அடிப்பகுதியையும் மறைத்திருக்கும், மூடியை இறுக்கும் கிளாம்ப் பிடிக்க இடம் இராது. அங்கே லைனரை வெட்டித்தான் மாட்ட முடியும். ஸ்ப்ரே அடித்த லைனருக்கு இந்தத் தொல்லை இல்லை.