ரோலர் மேல் ஓடும் எஞ்சின் வீடியோவைப் பார்த்துப் பாக்கிப் பணத்தைக் கொடுத்துவிடாதீர்கள்

ஜி ஸ்கேல் என்னும் பெரிய அளவு மாடல் ரயிலின் நீராவி எஞ்சின்களுக்கு டி.சி.சி. (தண்டவாளம் வழியே டிஜிட்டல் கட்டளை அனுப்பி ஓட்டும் முறை), சத்தம், புகை, விளக்கு எல்லாம் போட்டுத் தருவதாகச் சொல்லும் ஒருவரிடம் போய்த் திரும்பிய எஞ்சினைப் பற்றிய பதிவு இது. பெயர் போடவில்லை. இதே வேலையை இதே விதத்தில் செய்பவர்கள் பலர் இருப்பதால், ஆளைவிடக் கோளாறுகளை அடையாளம் தெரிந்துகொள்வதுதான் உபயோகம்.

அனுப்பியது 45 மி.மீ. தண்டவாளத்தில் ஓடும், 1:22.5 அளவுள்ள, தனி டெண்டரோடு (எஞ்சினுக்குப் பின்னால் வரும் கரி வண்டி) கூடிய இரண்டு சிலிண்டர் எஞ்சின். பேசியது பெரிய எஞ்சினுக்கான சவுண்ட் டிகோடர் (கட்டளையை வாங்கி மோட்டார், விளக்கு, சத்தத்தை இயக்கும் சர்க்யூட்), விசிறி வைத்த புகை யூனிட், சக்கரத்தோடு ஒத்து வரும் 'சுக்' சத்தம், அழுக்குத் தண்டவாளத்தில் கரண்ட் விட்டுப்போனால் தாங்கும் கெப்பாசிட்டர், விளக்குகள், நெருப்புப் பெட்டி மினுக்கல். பில்லில் அத்தனையும் இருந்தது. அனுப்புவதற்கு முன் வந்த வீடியோவில் எஞ்சின் ரோலர் மேல் நின்று சக்கரம் சுற்றியது, புகைந்தது, விசில் அடித்தது. பாக்கியும் போய்ச் சேர்ந்தது. தண்டவாளத்தில் வைத்து, ஆறு பெட்டி மாட்டி, ஏற்றத்தில் விட்டால் இருபது நிமிடம்கூடத் தாங்கவில்லை. பாய்லரிலிருந்து கருகல் வாடை.

டெண்டரைத் திறந்ததும் முதலில் கண்ணில் பட்டது கட்டைவிரல் அகலமே உள்ள ஒரு டிகோடர். ஹெச்.ஓ. என்னும் சின்ன அளவு எஞ்சினில் போடும் 1 ஆம்பியர் சரக்கு. இரும்பு எடைக்கட்டியின் மேல் டேப்பில் ஒட்டி, சூடு வெளியேற வழியில்லாமல் முழுக்க ஹீட் ஷ்ரிங்க் ட்யூப் சுற்றியிருந்தது. இந்த மோட்டாரை அளந்தபோது பளு இல்லாமல் 0.4 ஆம்பியர், ஆறு பெட்டியோடு ஏற்றத்தில் 1.3, சக்கரத்தைப் பிடித்து நிறுத்தினால் 3.2. ரோலரில் ஓடியதன் ரகசியம் அந்த 0.4தான். சக்கரம் சும்மா சுற்றும்போது எந்தக் குட்டி டிகோடரும் தாங்கும்.

இந்த அளவை எடுக்க ஐந்து நிமிடம் போதும். டிகோடர் போடுவதற்கு முன், மோட்டாருக்கு நேராக டி.சி. கொடுத்து, நடுவில் ஆம்பியர் மீட்டரைத் தொடராக வைத்து, முழு வோல்ட்டேஜில் சக்கரத்தை இரண்டு விநாடி மட்டும் பிடித்து நிறுத்தி, வரும் கரண்டைக் குறித்துக்கொள்வார்கள். இதுதான் ஸ்டால் கரண்ட். அதற்கு மேல் பிடித்தால் மோட்டார் சுருள் சூடாகும். வேலையை எடுத்துச் செய்தவரிடம் "ஸ்டால் கரண்ட் எவ்வளவு வந்தது?" என்று கேட்டதற்கு, "எல்லா டிகோடரும் ஒன்றுதான்" என்று பதில் வந்தது. பேச்சை அங்கேயே முடித்திருக்கலாம்.

டிகோடர் பெட்டியில் ஒரு பிராண்ட் பெயர் இருந்தது. டிகோடரின் அமைப்பைப் படிக்கவும் மாற்றவும் உதவும் புரோகிராமிங் தண்டவாளத்தில் வைத்து சி.வி. 8ஐ (அமைப்பு எண்கள் பதிந்திருக்கும் இடங்களில் எட்டாவது) படித்தால் 13 என்று வந்தது. தயாரிப்பாளருக்கு அமெரிக்க மாடல் ரயில் சங்கமான என்.எம்.ஆர்.ஏ. ஒதுக்கிய எண் இருக்கும் இடம் அது. இஎஸ்யூ என்றால் 151, சிமோ 145, மசோத் 123. 13 என்பது பொதுவில் விடப்பட்ட, கையால் செய்யும் டிகோடர்களுக்கான எண். ஒன்றை மறக்க வேண்டாம்: அங்கே படிக்க மட்டும் செய்யுங்கள். சி.வி. 8இல் 8 என்று எழுதினால் பல டிகோடர்களில் அமைப்பு எல்லாம் அழிந்து ஆரம்ப நிலைக்குப் போய்விடும்.

மற்ற கோளாறுகளில் பாதிக்கு மேல், டிகோடர் போதாத இந்த ஒரு கோளாறு பெற்ற பிள்ளைகள். புகை யூனிட்டையே பாருங்கள். விசிறியே இல்லை, வெறும் ஹீட்டர் குழாய். அதன் தடை 60 ஓம். 22 வோல்ட்டில் 0.37 ஆம்பியர், ஏறக்குறைய 8 வாட். மோட்டாருக்கே திணறும் டிகோடரில் அதையும் ஏற்ற முடியாது என்று அவருக்கும் தெரிந்திருக்கிறது. ஹீட்டர் வயர் இரண்டையும் சக்கரப் பிக்கப்பில் (தண்டவாளக் கரண்டைச் சக்கரம் வழியே எடுக்கும் இடம்) நேராகச் சால்டர் செய்துவிட்டார். டி.சி.சி.யில் எஞ்சின் நின்றுகொண்டிருந்தாலும் தண்டவாளத்தில் முழு வோல்ட்டேஜ் உண்டு. ஆக, ஃபங்ஷன் பட்டனை அணைத்தாலும் ஹீட்டர் அணையாது. புகை எண்ணெய் வற்றியதும் திரி கருகி, புகைபோக்கியின் அடிப் பிளாஸ்டிக் ஒரு பக்கமாகச் சரிந்துவிட்டது. கருகல் வாடையில் பாதி இது.

மீதிப் பாதி முன் விளக்கு. டிகோடரின் பொது வயரான நீல வயரில் ஏறக்குறைய 20 வோல்ட் வரும். வெள்ளை எல்.இ.டி. 3 வோல்ட் எடுத்துக்கொள்ள, மீதி 17ஐ ரெசிஸ்டர் தாங்க வேண்டும். போட்டிருந்தது 470 ஓம், கால் வாட். 36 மில்லி ஆம்பியர் ஓடி, 0.6 வாட் சூடு. அதன் வண்ணப் பட்டைகள் எல்லாம் ஒரே கறுப்பு. உட்கார்ந்திருந்த இடத்தில் பாய்லரின் உட்புறம் பழுப்பு வளையம். 2.2 கிலோ ஓம் போட்டிருந்தால் 8 மில்லி ஆம்பியருக்குள் நிற்கும், வெளிச்சமும் தாராளம். சில்லறைக் காசுக்குக் கிடைக்கும் பொருளில் செய்த அலட்சியம் இது.

இரண்டு சிலிண்டர் எஞ்சினுக்கு இயங்கு சக்கரம் ஒரு சுற்று சுற்றினால் நான்கு 'சுக்'. இதை ஒத்துவர வைக்க, காந்தம் பக்கத்தில் வந்தால் உணரும் ஹால் சென்சாரோ ரீட் சுவிட்சோ ஒன்றும், 90 பாகைக்கு ஒன்றாக நான்கு காந்தங்களும் வேண்டும். மெல்லிய அச்சில் ஒட்டினால் காந்தங்கள் நெருங்கிப்போய் ரீட் சுவிட்ச் திறக்காமலே ஒட்டிக்கொள்ளும். அதனால் சக்கரத்தின் உட்பக்கத்தில் ஒட்டுவதே நல்லது. இங்கே காந்தமும் இல்லை, சென்சாரும் இல்லை. போட்ட டிகோடரில் சென்சார் வயருக்கு இடமே கிடையாது. சக்கரத்தில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டு மெதுவாக ஓட்டி எண்ணினாலே குட்டு வெளிப்படும்.

ஸ்பீக்கர் இரண்டு, ஒவ்வொன்றும் 4 ஓம், இணையாகச் சேர்த்து 2 ஓம். டிகோடரின் ஆம்ப்ளிஃபயருக்குக் குறைந்தது 4 ஓம் வேண்டும். பின்பக்கம் மூடிய பெட்டியும் இல்லை. கூம்பின் முன் அலையும் பின் அலையும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு, பெரிய டெண்டரிலிருந்து கொசு சத்தம். கெப்பாசிட்டர் 16 வோல்ட் தாங்குவது, வந்தது 20. தலை உப்பியிருந்தது. கூடவே இருக்க வேண்டிய 100 ஓம் ரெசிஸ்டரும் டயோடும் இல்லை. அவை இல்லாவிட்டால் பவர் போட்ட கணத்தில் கெப்பாசிட்டர் வாரி இழுக்கும் கரண்டை, தண்டவாளத்துக்குப் பவர் தரும் பூஸ்டர் ஷார்ட் என்றே எடுத்துக்கொள்ளும்.

வயர்கள் எல்லாம் ஒரே கறுப்பு. சிவப்பும் கறுப்பும் தண்டவாளம், ஆரஞ்சும் சாம்பலும் மோட்டார், வெள்ளை முன் விளக்கு, மஞ்சள் பின் விளக்கு, நீலம் பொது என்ற முறை ஒப்புக்கு வைத்ததல்ல. அடுத்த ஆள் தடம் பிடிக்க வைத்தது. எஞ்சினுக்கும் டெண்டருக்கும் நடுவே ஒற்றைக் கம்பி வயர் போட்டிருந்ததால் வளைவில் ஆடி ஆடி ஒன்று அறுந்தே போயிருந்தது. பழைய விளக்கு போர்டும் பழைய புகை யூனிட்டும் திரும்பி வரவில்லை. ஒரு ஸ்க்ரூ வேறு நீளம். நுனி பாய்லர் ஓரத்து ஓடுபலகையைத் துளைத்து மேலே எட்டிப் பார்க்கிறது!

"ஓவர்லோடு செய்தீர்கள், வாரண்டி கிடையாது" என்பதுதான் கடைசி பதில். அதனால் பணத்தைப் பிடித்து வைத்திருக்கும்போதே கேளுங்கள்: மூடி திறந்த படம், ஸ்டால் கரண்ட் அளவு, டிகோடர் தொடர்ந்து தாங்கும் ஆம்பியர், சி.வி. 8 எண், பெட்டிகள் மாட்டித் தண்டவாளத்தில் முப்பது நிமிடம் ஓடும் வீடியோ. கழற்றிய பொருள் அத்தனையும் பையில் போட்டுத் திருப்ப வேண்டும் என்று முதலிலேயே எழுதி வாங்குங்கள்.

இப்படிப்பட்ட எஞ்சின் ஏற்கெனவே கையில் இருந்தால் பவர் போடாதீர்கள். டிகோடரைக் கழற்றிவிட்டு, ஓம் மீட்டரை மோட்டார் முனைக்கும் சக்கரத்துக்கும் நடுவில் வையுங்கள். இரண்டு பக்கச் சக்கரத்துக்கும் தொடர்பே காட்டக் கூடாது. பிறகு இடது சக்கரத்துக்கும் வலது சக்கரத்துக்கும் நடுவில் வையுங்கள். அங்கே சில பத்து ஓம் காட்டினால் பல்பு அல்லது ஹீட்டர் நேராகத் தொங்குகிறது என்று அர்த்தம். ஹீட்டர் வயர் ஒன்றை வெட்டி மறுபடி அளந்து பாருங்கள்.