ஏரிக்கு ஏரி காட்டுப் பட்டையா, திட்டுத் திட்டாவா, வாய்க்கால் கரையா?

புதுச்சேரி பக்கத்துல ஊசுட்டேரி 2008ல பறவை சரணாலயமாச்சு, வடக்க கழுவெளி சதுப்பு நிலம் 2021ல ஆச்சு, ரெண்டுக்கும் நடுவுல என்னன்னு பாத்தா பிளாட்டு, சவுக்கு, முந்திரி, ரோடு. நாரை பறந்து போய்டும். நரியும் மரநாயும் உடும்பும் என்ன பண்ணும், நின்ன எடத்துலயே நிக்கிற மரம் என்ன பண்ணும்? ஏரிக்கு ஏரி இதுங்க போய்வர எப்படி வழி விடறதுன்னு மூணு யோசனை இருக்கு.

அகலமா ஒரே பட்டையா காடு விடணும்னு சிலர் சொல்றாங்க. நீலகிரில சீகூர் யானை வழித்தடம் அப்படித்தான், 2020ல சுப்ரீம் கோர்ட்டே அத உறுதி பண்ணுச்சு. ஆனா அது யானைக்கு. இங்க செண்ட் என்ன விலைன்னு தெரிஞ்ச யாரும் இத சீரியஸா பேச மாட்டாங்க, விடுங்க.

திட்டுத் திட்டா காடு வைக்கிறது மரத்துக்கு ரொம்ப நல்லது. கீழ்புத்துப்பட்டு ஐயனார் கோயில் காடு மாதிரி நாலஞ்சு இருந்தா போதும், சின்னான் குருவியும் குயிலும் வௌவாலும் பழத்த தின்னுட்டு அடுத்த திட்டுல விதைய போட்டுடும், காசான் மரமும் வீரை மரமும் தலைமுறை தலைமுறையா அப்படித்தான் ஊர் மாறுது. ஆரோவில்ல 1968க்கு அப்புறம் மொட்டை செம்மண்ணுல வரப்பு போட்டு மழத்தண்ணிய நிறுத்தி காடு கொண்டாந்தாங்களே, அதனால புதுத் திட்டு முடியாதுன்னும் சொல்ல முடியாது. ஆனா நடக்குற சீவனுக்கு இது பத்தாது, திட்ட விட்டு எறங்குனா ஈசிஆர்ல லாரி.

என் ஓட்டு வாய்க்கால் கரைக்குத்தான். சங்கராபரணி தண்ணி சுத்துக்கேணி வாய்க்கால் வழியா ஊசுட்டேரிக்கு வருது, தென்பெண்ணை தண்ணி பங்காரு வாய்க்கால்ல பாகூர் ஏரிக்கு போவுது, இந்த மாதிரி வாய்க்காலெல்லாம் ஏற்கனவே ஏரிய ஏரியோட கோத்துதான் வச்சிருக்கு, கரை பெரும்பாலும் புறம்போக்கு, பட்டா நிலத்துல கை வைக்க வேணாம். (பிச்சாவரத்துக்கு இந்த கவலையே கம்மி, அங்க சுரபுன்னை நாத்து தண்ணியிலயே மெதந்து போய் வேர் விட்டுக்கும்.) குறையும் இருக்கு. சீமக்கருவேலம் இதே கரைய புடிச்சுதான் பரவும், ஆடு மாடு காய தின்னுட்டு போற வழியெல்லாம் சாணியில விதைக்கும், அத புடுங்கிக்கிட்டே இருக்க ஆள் வேணும். ரெண்டு பக்கமும் சிமெண்ட் சுவரு எழுப்பிட்டா உள்ள விழுந்த ஆமை ஏற முடியாது.

ரோட்டுக்கு கீழ பாதை? மகாராஷ்டிரால பெஞ்ச் காட்டுல என்எச் 44க்கு கீழ 9 எடத்துல விட்டாங்க, புலியே போறது கேமராவுல பதிவாச்சு. நமக்கு அவ்ளோ பெருசு வேணாம், வாய்க்கால் ரோட்ட தாண்டுற சின்னப் பாலத்துல தண்ணி ஓடும்போதும் நனையாம ஓரமா ஒரு திண்டு விட்டா மரநாய்க்கு போதும்.

செலவே இல்லாம இப்பவே செய்யக்கூடியது ஒண்ணு இருக்கு: தூர்வாரும்போது ஜேசிபிய ஒரு வருஷத்துக்கு ஒரு கரையில மட்டும் எறக்குங்க, எதிர் கரையில இருக்குற புதர அப்படியே விட்டுடுங்க.