ஒன்பதடியா, பத்தரையடியா? தீர்த்தன் ஆற்று டிரவுட்டுக்கு எந்த ராட்

ஃபிளை ராட், அதாவது பூச்சி மாதிரி கட்டிய 'ஃபிளை'யை வீசி மீன் பிடிக்கும் தூண்டில் கம்பு, வாங்கப் போனால் கடைக்காரர் முதலில் எடுத்து நீட்டுவது ஒன்பதடி நீளம், 5 வெயிட் (இந்த எண் கூடக் கூட அதில் மாட்டும் லைன், அதாவது தூண்டில் கயிறு, கனமாகும்). டிரவுட் என்கிற குளிர்நீர் மீனுக்கு உலகம் முழுக்க அதுதான் பொது அளவு. எங்கே கொண்டுபோனாலும் ஏதோ ஒரு வகையில் வேலை செய்துவிடும். ஆனால் இமாச்சலத்தில் தீர்த்தன் ஆற்றங்கரைக்குப் போய் வருகிறவர்களுக்குப் பத்தடி, பத்தரையடி, பதினொன்று என்று நீளத்தின் மேல் ஒரு கண் விழுந்துவிடுகிறது. அந்த ஆசையில் எவ்வளவு நியாயம், எவ்வளவு வெறும் விளம்பரம் என்பதைப் பார்த்துவிடலாம்.

முதலில் ஆறு. ஆற்றைப் பார்க்காமல் ராட் பேசுவது வீண் பேச்சு. தீர்த்தன் அகலமான ஆறு இல்லை. கிரேட் ஹிமாலயன் தேசியப் பூங்காவின் பனியிலிருந்து இறங்கி, குஷைணி, பஞ்சார் பக்கமாக ஓடி, லார்ஜி அருகே பியாஸ் நதியோடு சேர்ந்துவிடுகிறது. வழி முழுக்கப் பாறை. ஒவ்வொரு பாறைக்கும் பின்னால் ஓரிரு அடி அகலத்துக்கு நீர் அடங்கி நிற்கும்; அதற்கு இரண்டு பக்கமும் வெள்ளை நுரையாக வேகநீர் பாயும். பிரவுன் டிரவுட் அந்த அடங்கிய நீரில் நின்றுகொண்டு, பக்கத்து ஓட்டம் கொண்டுவருவதை எட்டிப் பிடித்துத் தின்னும்.

தூண்டில்காரனின் தலைவலியும் அங்கேதான் ஆரம்பிக்கிறது. மீன் நிற்பது மெதுவான நீரில். நமக்கும் அதற்கும் நடுவில் ஓடுவது வேகநீர். லைன் அந்த வேகநீரில் படுத்தால், ஓட்டம் அதை இழுக்கும்; லைன் ஃபிளையை இழுக்கும். தானாக மிதந்து வர வேண்டிய பூச்சி திடீரென்று குறுக்கே ஓடுவதைப் பார்த்த டிரவுட் வாயைத் திறக்காது. இந்த இழுவையைத்தான் 'டிராக்' என்பார்கள். நீளமான ராட்டுக்குச் சொல்லப்படும் நியாயங்களில் முதலிடம் இதற்குத்தான்: கையைத் தூக்கிப் பிடித்தால் லைன் நீரில் படாமல், நடுவில் ஓடும் வேகநீரைத் தாண்டியே நிற்கும்.

ஒன்பதடிக்கும் பத்தரையடிக்கும் வித்தியாசம் வெறும் 45 சென்டிமீட்டர். கேட்கச் சின்னதாகத்தான் இருக்கிறது. தீர்த்தன் மாதிரி ஆற்றில் அந்த 45 சென்டிமீட்டர் இன்னொரு ஓட்டத்தைத் தாண்ட உதவும். பாறையின் இந்தப் பக்கம் நின்றுகொண்டே அந்தப் பக்கத்து நீரை மேய உதவும். முழங்கால் ஆழத்துக்கு மேல் இறங்கினால் கால் வழுக்குகிற பனிநீரில், இறங்காமலே எட்ட முடிவது பெரிய விஷயம்.

ஆனால் இதில் பாதிக் கதையைத்தான் விளம்பரம் சொல்கிறது. மீதிப் பாதி லைன். 5 வெயிட் லைனின் முன் முப்பதடி ஏறக்குறைய 9 கிராம் எடை. அதை நீருக்கு மேல் தூக்கிப் பிடித்தால் நடுவில் தொய்யும். தொய்வு நிம்ஃபை, அதாவது நீருக்கடியில் ஓடவிடும் ஃபிளையை, நம் பக்கமாக இழுத்துக்கொண்டே வரும். அதாவது நீர் செய்த தப்பை இப்போது லைனே செய்கிறது. ஐரோப்பாவின் ஃபிளை தூண்டில் போட்டிக்காரர்கள் இதற்கு ஒரு வழி கண்டார்கள்: லைனையே மெலிதாக்கினார்கள். உலகப் போட்டி விதிப்படி லைன் 0.55 மில்லிமீட்டருக்குக் குறையக்கூடாது, அதனால் யூரோ நிம்ஃப் லைன்கள் பெரும்பாலும் அந்த எல்லையை ஒட்டியே வருகின்றன. போட்டிக்குப் போகாதவர்களில் பலர் அதையும் விட்டுவிட்டு நீளமான மோனோ லீடர் (வழக்கமாக லைனுக்கும் ஃபிளைக்கும் நடுவில் கட்டும் மெல்லிய ஒற்றை இழை) மட்டும் கட்டிக்கொள்கிறார்கள். பத்தரையடி ராட் வாங்கி அதில் பழைய 5 வெயிட் லைனையே மாட்டினால் கொடுத்த காசில் பாதிதான் வேலை செய்யும்.

அப்புறம், அதே போட்டி விதி ராட்டை 366 சென்டிமீட்டர், அதாவது பன்னிரண்டடி வரை அனுமதிக்கிறது. இருந்தும் பெரும்பாலானவர்கள் பத்துக்கும் பதினொன்றுக்கும் நடுவிலேயே நின்றுவிடுகிறார்கள். நீளம் மட்டுமே நல்லது என்றால் எல்லோரும் பன்னிரண்டு அல்லவா வைத்திருக்க வேண்டும்?

காரணம் கைக்குத் தெரியும். ஒரே மொத்த எடையில், ஒரே மாதிரி எடை பரவிய இரண்டு கம்புகளில், பத்தடிக் கம்பைச் சுழற்ற ஒன்பதடியை விட ஏறக்குறைய 23 சதவீதம் அதிக முயற்சி வேண்டும். நீளத்தோடு எடையும் கூடினால் அது மூன்றிலொரு பங்கையும் தாண்டும். கடையில் தராசு காட்டும் எடை இதைச் சொல்லாது. கைப்பிடியில் கனமான ரீல், அதாவது லைன் சுற்றும் உருளை, மாட்டினால் சரியாகிவிடும் என்பார்கள். அது அரை உண்மை. நிம்ஃப் போட்டுவிட்டு ராட்டை அசையாமல் நீட்டிப் பிடித்திருக்கும்போது, கனமான ரீல் நுனிப் பாரத்தைச் சமன் செய்து மணிக்கட்டைக் காப்பாற்றும். வீசும்போது ஒரு உதவியும் செய்யாது.

இனி ராட்டுகளை நேராக நிறுத்திப் பார்ப்போம்.

ஒன்பதடி 5 வெயிட்டின் பலம் டிரை ஃபிளை, அதாவது நீர்மேல் மிதக்கும் ஃபிளை. வீசும்போது லைன் காற்றில் போடும் வளைவு, அதாவது லூப், இறுக்கமாக வரும், குறி தப்பாது. மதியத்துக்கு மேல் பள்ளத்தாக்கில் காற்று மேல்நோக்கி வீசத் தொடங்கிவிட்டால் மெல்லிய லீடரை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. அந்த நேரத்தில் 5 வெயிட் லைனின் எடைதான் காற்றைக் கிழித்துக்கொண்டு போகும். மாலையில் பூச்சி பறந்து, அகலமான மடுவில் மீன் மேலே வந்து தின்றால் கையில் இது இருப்பது நிம்மதி. பாறைக்குப் பின்னால் நிம்ஃப் போடவும் முடியும். ஆனால் கை முழுக்க நீட்டி, லைனை அடிக்கடி தூக்கித் திருப்பிப் போட்டு, அப்படியும் ஓரிரு நொடி மிதப்புதான் கிடைக்கும்.

பத்தரையடி 3 வெயிட் இதற்கு நேர் எதிர். எட்டு மீட்டருக்குள் இதை அடிக்க ஆளில்லை. நுனி மெலிது, அதனால் நிம்ஃப் தரையைத் தொட்டதும் மீன் தொட்டதும் தனித்தனியாகக் கைக்குத் தெரியும். நுனி வளைந்து கொடுப்பதால் 6எக்ஸ் டிப்பெட்டும், அதாவது 0.13 மில்லிமீட்டர் நூலும், அறுந்து போகாது. ஆனால் நீளமான கம்பில் மீன் பக்கம்தான் நெம்புகோல் அதிகம். பெரிய பிரவுன் ஒன்று ஓட்டத்தோடு கீழே திரும்பினால் அதை நிறுத்தி மேலே கொண்டுவர இந்த ராட்டுக்குத் தெம்பு போதாது. கரையோரமாகக் கூடவே நடக்க வேண்டியதுதான். தனியாளாக வலை போடுவதும் இதில் சிரமம். ராட்டைப் பின்னால் சாய்த்தாலும் மீன் வலைக்கு எட்டாமல் நிற்கும். டிரை ஃபிளை? போடலாம். சந்தோஷமாகப் போட முடியாது.

நடுவில் பத்தடி 4 வெயிட். இது எதிலும் முதல் மதிப்பெண் வாங்காது, எதிலும் தோற்காது. சாதாரண லைனோடு டிரை ஃபிளை கௌரவமாகப் போகும். காலையில் மெல்லிய லைன் சுற்றிய இன்னொரு ஸ்பூலை மாட்டினால் நிம்ஃபும் நன்றாகவே ஓடும். சமரசம் என்று இதை இளப்பமாகப் பேசுகிறவர்கள் உண்டு. ஒரே ஒரு ராட்டோடு மலையேறுகிறவனுக்குச் சமரசம்தான் தேவை.

பதினொன்றடி ராட் அகலமான ஆற்றுக்கு அழகு. காஷ்மீரில் லித்தர் நதியின் அகன்ற பகுதிகளில் அதற்கு வேலை இருக்கிறது. தீர்த்தனில், அதுவும் கரையோரக் கிளைகள் தலைக்கு மேல் கவிந்த இடங்களில், மீனைவிட இலைகளைத்தான் அதிகம் பிடிக்கும். சின்ன ஆற்றுக்குச் சின்ன ராட் என்கிற பழைய சூத்திரத்தை நான் முழுசாக நம்புவதில்லை. மேலே வானம் திறந்திருந்தால் சின்ன ஆற்றிலும் நீள ராட் நன்றாக உழைக்கும். மேலே கிளை மூடியிருந்தால்தான் அந்தச் சூத்திரம் சரி.

நீளம் மட்டும்தான் வேண்டும் என்றால் ஜப்பானிய டென்காரா பக்கம் போகலாம். ரீல் கிடையாது, மூன்றரை நான்கு மீட்டர் கம்பு, நுனியில் கட்டிய ஒரே நீளக் கயிறு. மடக்கினால் முதுகுப்பைக்குள் போய்விடும். மலையோடைகளுக்காகவே பிறந்த கருவி என்பதால் பாறைகளுக்கு நடுவே உள்ள நீரில் ஃபிளையை அபாரமாக மிதக்கவிடும். லைன் விட முடியாது என்பதுதான் சிக்கல். நல்ல மீன் ஓடினால் நாமும் ஓட வேண்டும், அதுவும் அந்தப் பாறைகள் மேல்.

பயணத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும். நான்கு துண்டு ஒன்பதடி ராட்டின் ஒரு துண்டு 70 சென்டிமீட்டர் சுமார், பத்தரையடிக்கு 80ஐத் தாண்டும். சென்னையிலிருந்தோ கோவையிலிருந்தோ விமானம் ஏறி, பிறகு ஔட்டில் மணாலி சாலையை விட்டுப் பிரிந்து பஞ்சாருக்குப் பேருந்தில் போகிறவருக்கு அந்தக் குழாய் ஒரு தொல்லைதான். ஆறு துண்டு ராட்டுகளும் வருகின்றன, தேடிப் பார்க்கலாம். நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை டிரவுட் பிடிக்கத் தடை, மற்ற மாதங்களிலும் மீன்வளத்துறை உரிமம் வேண்டும் என்பதையும் டிக்கெட் போடுமுன் நினைவில் வையுங்கள்.

நீலகிரி ஏரிகளை மனதில் வைத்து நீள ராட் கேட்கிறவர்களுக்கு இந்தக் கணக்கு எதுவும் பொருந்தாது. அவலாஞ்சியில் எச்.சி. வில்சன் 1907இல் பொரிப்பகம் தொடங்கியதிலிருந்து அங்கே இருப்பது ரெயின்போ டிரவுட். ஏரியில் டிராக் பெரிய பிரச்சினை இல்லை. தூரமும் காற்றும்தான் பிரச்சினை. அங்கே நீளம் வேண்டுமென்றால் பத்தடி 6 வெயிட், பின்னால் நிற்கும் புல்லுக்கு மேலே லைனைத் தூக்கிவிட. பத்தரையடி 3 வெயிட்டை ஏரிக்குக் கொண்டுபோவது வீண்.

தீர்த்தனுக்கு என் தீர்ப்பு ஆளைப் பொறுத்து மாறும். கையில் ஒன்றுமே இல்லாதவர் பத்தடி 4 வெயிட் வாங்கட்டும். ஏற்கெனவே ஒன்பதடி 5 வெயிட் வைத்திருப்பவருக்குப் பத்தடி புதிதாக ஒன்றையும் தராது. அவர் நேராகப் பத்தரையடி 3 வெயிட்டுக்குத் தாவலாம், லைனுக்கும் சேர்த்துக் காசு ஒதுக்கிவிட்டு. டிரை ஃபிளை தவிர வேறெதிலும் மனம் ஒட்டாதவர் ஒன்பதடியோடு நின்றுவிடட்டும்.