பேரழிவு: தோமின் கணிதமும் யூத நினைவும்

பிரெஞ்சுக் கணிதவியலாளர் ரெனே தோம் 1972-இல் நூலாக வெளியிட்ட ‘பேரழிவுக் கோட்பாட்டில்’, பேரழிவு என்றால் யாரும் சாகவேண்டியதில்லை. காரணிகள் மெல்ல மாறும். ஒரு கட்டத்தில் நிலை சட்டென்று தாவிவிடும்; அந்தத் தாவல்தான் பேரழிவு. காரணிகள் நான்குக்குள் என்றால் அந்தத் தாவலின் அடிப்படை வடிவங்கள் ஏழுதான். பிரிட்டிஷ் கணிதவியலாளர் கிறிஸ்டோபர் ஸீமன் இதைச் சிறைக் கலவரத்துக்குக்கூடப் பொருத்தினார். இப்படிப்பட்ட முயற்சிகளுக்குக் கடும் விமர்சனம் வந்தது, நியாயம்தான்.

யூத மரபுக்கோ தேதி முக்கியம். எருசலேமின் இரு ஆலயங்களும் அழிந்ததற்காக யூத நாட்காட்டியின் ஆவ் மாதம் 9-ஆம் நாள் உபவாசம் இருந்து, தரையில் அமர்ந்து புலம்பல் நூலைக் கேட்கிறார்கள். ரோமரிடம் பேத்தார் என்ற யூதக் கோட்டை வீழ்ந்ததையும், பழைய யூதச் சட்டத் தொகுப்பான மிஷ்னா அதே நாளில் சேர்க்கிறது. தோமைப்போல இதுவும் பலவற்றை ஒரே அச்சில் அடக்குவதுதான், ஆனால் துக்கத்தோடு.

அப்புறம் நாஜிப் படுகொலை. அதை நினைவுகூர இஸ்ரேல் நாடாளுமன்றம் 1951-இல் நிசான் மாதம் 27-ஆம் நாளை ஒதுக்கியது. அந்தத் தனிநாளை ஏற்காத மரபாளர்கள் இன்றும் உண்டு.