‘ட்ரூ விண்டு’ காட்டும் என்று விற்றார்கள்: 68,500 ரூபாய் போச்சு, நீங்களும் ஏமாறாதீர்கள்

வண்டியில் மாட்டும் காற்று மீட்டர் வாங்கப் போகிறவர்கள், குறிப்பாக இந்த ஆனி ஆடிக் காற்றில் ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பக்கம் அளக்கக் கிளம்புகிறவர்கள், பணம் கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள். 68,500 ரூபாய் முழுசாகக் கட்டியாகிவிட்டது. கைக்கு வந்தது, வண்டி நிற்கும்போது மட்டும் சரியாகச் சொல்லும் ஒரு பெட்டி.

விற்றது மீன்பிடித் துறைமுகத்தை ஒட்டி எக்கோ சவுண்டரும் (கடலாழம் பார்க்கும் கருவி) ஜி.பி.எஸ்ஸும் விற்கிற ஒரு கடை. ஒலியலையால் காற்றை அளக்கும் அல்ட்ராசானிக் சென்சார், ஜி.பி.எஸ்., திரை, மூன்றும் ஒரே செட். “ஓடுற வண்டியிலயும் ட்ரூ விண்டு காட்டும் அண்ணாச்சி, போட்டுக்காரங்க எல்லாம் இதத்தான் கொண்டு போறாங்க” என்றார்கள். ட்ரூ விண்டு என்றால், வண்டி ஓடுவதால் அடிக்கும் காற்றை நீக்கிவிட்டு, நிலத்தில் உண்மையாக வீசும் காற்று.

நம்பிக் கெட்ட இடம் இதுதான். மேசை ஃபேனை சென்சாருக்கு நேரே திருப்பி வைத்தார்கள். திரையில் மேலே ‘ரிலேட்டிவ்’ (சென்சாரில் படும் காற்று) 4.2, கீழே ‘ட்ரூ’ 4.2. “ரெண்டும் அச்சா ஒத்துப்போவுது பாருங்க.” ஒத்துத்தான் போகும்! வண்டியின் வேகம் பூஜ்யம் என்றால் சென்சாரில் படும் காற்றும் நிலத்தில் வீசும் காற்றும் ஒன்றேதான். கருவி கணக்குப் போடுகிறதா இல்லையா என்பதை மட்டும் மறைத்துவிடும் சோதனை அது. அதைப் பார்த்துவிட்டுத்தான் பணம் கொடுத்தது.

காற்றே அசையாத ஒரு விடியற்காலையில் 36 கி.மீ. வேகத்தில், அதாவது விநாடிக்கு 10 மீட்டரில், ஓட்டியதும் சாயம் வெளுத்தது. ட்ரூ என்ற இடத்தில் பூஜ்யத்தை ஒட்டி வர வேண்டும். வந்தது 10. சென்சாரில் பட்டதை அப்படியே இரண்டாவது வரியிலும் போட்டிருக்கிறார்கள். கம்ப்யூட்டரில் மாட்டி வரிகளைப் பார்த்தால், கடல் கருவிகள் தகவல் அனுப்பும் என்.எம்.இ.ஏ. 0183 முறையில் காற்றைச் சொல்லும் எம்.டபிள்யூ.வி. வரியில் ‘ஆர்’ (ரிலேட்டிவ்) மட்டும்தான் வருகிறது. ‘டி’ (ட்ரூ) வரியே கிடையாது.

கடைக்குப் போன் போட்டால் முதலில் “கம்பம் உயரம் பத்தாது” என்றார்கள். கூரையை ஒட்டி வைத்தால் வண்டி மேலே ஏறி வரும் காற்று வேகம் கூடித் தெரியும் என்பது உண்மை. ஆனால் அதற்காகக் கணக்கே போடாமல் இருக்குமா? அடுத்த தடவை “இரும்பு பாடி, காம்பஸ் இழுக்குது.” இந்த செட்டில் காம்பஸே இல்லை! பிறகு “அப்டேட் போட்டுத் தாரோம்” என்று ஐந்து நாள் வைத்துக்கொண்டார்கள்.

அப்டேட் அதைவிட மோசம். திரும்பி வந்த பெட்டி, சென்சார் வேகத்திலிருந்து வண்டி வேகத்தை வெறும் எண்ணாகக் கழிக்கிறது. எதிர்க்காற்றில் மட்டும் இது சரியாக வரும். கவல்கிணற்றிலிருந்து ஆரல்வாய்மொழிக்கு மேற்கிலிருந்து வரும் மேல்காற்றை எதிர்த்து வந்தால் சென்சாரில் படும் 20-இல் வண்டியின் 10 போக 10. சபாஷ் என்று தோன்றும். அதே ரோட்டில் திரும்பிப் போங்கள். 10 மீட்டர் காற்று பின்னாலிருந்து, வண்டியும் 10. சென்சாரில் கிட்டத்தட்ட ஒன்றும் படாது. சுற்றிலும் காற்றாலைகள் சுழல்கின்றன, கழித்தால் மைனஸ் 10 வரும், அதைக் காட்டத் தெரியாமல் திரையில் ட்ரூ விண்டு பூஜ்யம்! குறுக்கே 10 மீட்டர் அடித்தாலும் கோளாறுதான். சென்சாரில் 14.1 படும், 45 டிகிரியில். அதில் 10 கழித்து 4.1 என்று காட்டும்.

முறையான கணக்கு ஒன்றும் பெரிய ரகசியம் இல்லை. வண்டி போகும் திசைக் கோணத்தோடு சென்சார் கோணத்தைக் கூட்டினால் காற்று எங்கிருந்து வருகிறது என்று கிடைக்கும். ‘வரும் திசை’ என்பதால் மைனஸ் போட்டு, சைனால் கிழக்குப் பங்கு, கொசைனால் வடக்குப் பங்கு. வண்டி வேகத்தையும் அப்படியே பிரித்து (இதற்கு மைனஸ் இல்லை) பங்கோடு பங்கு கூட்ட வேண்டும். சராசரியும் இந்தப் பங்குகளுக்குத்தான் எடுக்க வேண்டும். 350 டிகிரியையும் 10 டிகிரியையும் நேரடியாகச் சராசரி எடுத்தால் 180 வரும், வடகாற்று தென்காற்றாகிவிடும். இவ்வளவையும் எழுதி அனுப்பியதற்கு வந்த பதில்: “பில்லுல காத்து மீட்டர்னுதானே போட்டிருக்கு, காத்து காட்டுதுல்லா?” அதன் பிறகு போன் எடுப்பதில்லை. 68,500 ரூபாய்க்குப் பேச்சே இல்லை.

அளவுகோல் பிழை, கம்பம் பொருத்துவது, ஜி.பி.எஸ். தாமதம் எல்லாம் விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தது. இப்போது அதற்கு மனசு இல்லை. அவசரமாகச் சிலது மட்டும். ஒரே ரோட்டில் ஒரே வேகத்தில் போயும் வந்தும் பாருங்கள், இரண்டு தடவையும் ட்ரூ ஏறக்குறைய ஒன்றாக வரணும். லாரி முந்தும் நேரத்து எண்களைத் தள்ளிவிடுங்கள். சென்சாரின் அம்புக்குறி வண்டியின் மூக்குக்கு நேராக இருக்கணும்: 72 கி.மீ. வேகத்தில் 5 டிகிரி திரும்பியிருந்தாலே இல்லாத குறுக்குக் காற்று விநாடிக்கு 1.7 மீட்டர் முளைக்கும். ஜி.பி.எஸ். வரியில் வேகம் ‘நாட்’ என்ற கடல் அளவில் வரும், 1 நாட் என்றால் மணிக்கு 1.852 கி.மீ., மாற்றுகிறதா என்று கேளுங்கள். வண்டி நின்றதும் ஜி.பி.எஸ். திசையை நம்பாதீர்கள்.

பில்லில் ‘ஓடும் வண்டியில் நிலத்துக்குச் சார்பான காற்று வேகம், திசை’ என்று எழுதி வாங்குங்கள். எங்கள் 68,500 ரூபாய் பில்லில் அந்த வரி இல்லை. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் கொடுத்தபோது முதலில் கேட்டதும் பில்லைத்தான்.